ஸ்ட்ராபெரியின் குலமுறை கிளத்திய தூஷேன்

மார்கழி பிறந்துவிட்டால் நம் காலனிக் கடைத்தெருவுக்கு ஸ்ட்ராபெரிப் பழம் வந்துவிடுகிறது. மகாபலேசுவர மலையில் விளைந்து, சிறு சிறு பெட்டிகளில் அடுக்கப்பட்டு, தள்ளுவண்டியில் நம் வாயிலுக்கே வந்து நிற்கிறது. நம் பாட்டிமார் இப்பழத்தைக் கண்டவரல்லர். மாற்றலாகி இப்பக்கம் வந்த முதல் ஆண்டில் நாமும் அதனை வாயிலிட்டுப் புளிப்புத் தாங்காமல் முகம் சுளித்ததுண்டு. இன்றோ, மேல்வரிசையில் கனியையும் அடிவரிசையில் காயையும் வைத்து அடுக்கும் வண்டிக்காரரோடு வழக்காடி வாங்கும் அளவுக்குத் தேறிவிட்டோம். பிள்ளைகளுக்கு மாம்பழத்துக்கு அடுத்த பழம் இதுவே ஆகிவிட்டது.

இவ்வளவு பழகிய பின்னும் இப்பழம் எங்கே பிறந்தது, யார் பெற்ற பிள்ளை என்று நம்மில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. கம்பர் பாலகாண்டத்தில் குலமுறை கிளத்துப் படலம் என ஒரு படலம் வைத்தார். சனகன் முன்னிலையில் இராமனுடைய குலப்பெருமையை விசுவாமித்திர முனிவர் எடுத்துரைக்கும் படலம் அது. ஒரு சிறு பழத்துக்கும் அவ்வாறு குலமுறை கிளத்தியவர் ஒருவர் உண்டு. அவர் பிரெஞ்சு நாட்டவர். அந்துவான் நிக்கோலா தூஷேன் என்பது அவர் பெயர். 1747ஆம் ஆண்டில் பிறந்து 1827ஆம் ஆண்டில் மறைந்தவர். தாவரநூல் வல்லார் நன்கறிந்த அப்பெயரை நம் சங்கத்துக் குடும்பங்களும் அறிந்திருத்தல் நன்று என்று தோன்றியது. ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்துப் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் நாம் தாவரநூல் பயின்றவரல்லோம். ஆயினும், படித்தறிந்த அளவில் அவர் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

தூஷேனின் கதையைத் தொடங்குமுன், அவர் பிறப்பதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் முடிந்த ஒரு கப்பற் பயணத்தைச் சொல்லியாக வேண்டும்.

அக்காலத்து ஐரோப்பாவில் ஸ்ட்ராபெரி என்றாலே சிறிய பழந்தான். காடுகளில் தானே விளைவது சுண்டைக்காயளவு இருக்கும். மணம் மட்டும் அளவுக்கு மிஞ்சியது. கஸ்தூரி ஸ்ட்ராபெரி என்று பெயர் பெற்ற மற்றொன்று அதனினும் சற்றே பெரிது. பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வர்ஜீனியா ஸ்ட்ராபெரி என்னும் மூன்றாவது ஒன்றும் வந்து சேர்ந்தது. செக்கச் சிவந்த நிறமும் நல்ல மணமும் உடையது. ஆனால் அதுவும் சிறியதே. மன்னர் தோட்டமாயினும் சரி, மடாலயத்துத் தோட்டமாயினும் சரி, இவற்றுக்கு மேல் பெரிய பழம் காணக் கிடைக்கவில்லை.

1712ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னர், அமெதே பிரான்சுவா ஃபிரேஸியே என்னும் படைப்பொறியாளர் ஒருவரைத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பினார். சிலி, பெரு ஆகிய நாடுகள் அப்போது ஸ்பானியர் ஆட்சியில் இருந்தன. அங்குள்ள கோட்டைகள், துறைமுகங்கள், படைபலம் ஆகியவற்றை அளந்தறிந்து வருவதே அவருக்கு இட்ட பணி. வெளிப்படச் சொன்னால் ஒற்றர் வேலை. அவர் வணிகரைப் போல நடித்துக் கோட்டைகளைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டார். கோட்டைகளின்மீது வைத்த கண் ஸ்ட்ராபெரித் தோட்டங்கள்மீதும் விழுந்தது. சிலியின் கான்செப்சியோன் நகரைச் சுற்றி, அந்நாட்டுப் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டுப் பயிரிட்டுவந்த ஒருவகை ஸ்ட்ராபெரி விளைந்திருந்தது. வெளிறிய செந்நிறம், வாதுமைக்கொட்டை பருமன், சிற்சில கோழிமுட்டை அளவும் இருந்தனவாம். சுண்டைக்காயளவே கண்டு பழகியவர்க்கு இது எப்படித் தோன்றியிருக்கும்!

ஃபிரேஸியே செடிகள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்துக் கப்பலேற்றினார். ஏறத்தாழ ஆறு திங்கள் கடற்பயணம். குடிதண்ணீர் அளந்து கொடுக்கப்படும் கப்பலில் செடிக்குத் தண்ணீர் எவர் கொடுப்பார்? கப்பலின் சரக்குப் பொறுப்பாளர் கொடுத்தார். 1714 ஆகஸ்டில் கப்பல் மார்சேல்ஸ் துறையை அடைந்தபோது ஐந்து செடிகள் உயிரோடிருந்தன. தண்ணீர் தந்த கைம்மாறாக அவற்றுள் இரண்டு சரக்குப் பொறுப்பாளருக்கே போயின. ஐந்துக்கு இரண்டு ஏற்றுகூலி என்று இன்று நாம் கேட்டால் பார்சல் ஆபீசு வாயிலில் கலகம் மூண்டுவிடும்! ஆயினும் அந்தத் தண்ணீருக்கு அந்த விலை தகும் என்றே நாம் சொல்வோம். எஞ்சிய மூன்றில் ஒன்று பாரிஸ் மாநகரத்து மன்னர் தோட்டத்தில் இருந்த அந்துவான் தெ ஜூஸியூ என்னும் தாவரநூற் புலவருக்கும், ஒன்று ஃபிரேஸியேயின் மேலதிகாரியான அமைச்சருக்கும் சென்றன. ஒன்றைத் தாமே வைத்துக்கொண்டார். பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ராபெரிச் செடியின் பெயரும் இவருடைய குடும்பப் பெயரும் ஏறக்குறைய ஒரே ஓசையுடையன என்பது ஒரு வேடிக்கை.

செடிகள் பிழைத்தன, செழித்தன, தழைத்துப் பரவின. பூத்தன. ஆனால் காய்க்கவில்லை!

ஓராண்டு ஈராண்டல்ல, ஐம்பது ஆண்டு இந்த நிலை நீடித்தது. தோட்டந்தோட்டமாகச் சிலி ஸ்ட்ராபெரி பரவிற்று. போன இடமெல்லாம் இலையும் பூவுமாக நின்றதேயன்றிக் கனி கொடாது மானத்தை வாங்கிற்று. எங்கேனும் ஒரு பழம் பிடித்தாலும் அது கோணலும் மாணலுமாக இருந்தது. தட்பவெப்பம் ஒவ்வவில்லை என்றனர் சிலர்; மண் பொருந்தவில்லை என்றனர் சிலர். மலட்டுச் செடி என்று தூற்றிப் பிடுங்கியெறிந்தவர் பலர். நம் ஊர்ப்பக்கத்திலும் பிள்ளை பெறாத பெண்ணை இந்தச் சொல்லால் வாட்டுவதுண்டல்லவா? குறை எங்கே இருக்கிறது என்று தேடுவார் யாரும் இல்லை. சொல் மட்டும் அவள் தலைமேல் விழும்.

காரணம் இன்று நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஸ்ட்ராபெரியின் மிகப் பல இனங்களில் ஒரே பூவில் மகரந்தமும் சூலும் சேர்ந்திருக்கும். சிலி ஸ்ட்ராபெரியிலோ ஆண்செடி வேறு, பெண்செடி வேறாக இருப்பது பெரும்பான்மை. ஃபிரேஸியே நல்ல பெரிய பழம் காய்த்த செடிகளாகப் பார்த்தே எடுத்திருக்க வேண்டும் என்பர். காய்ப்பது பெண், ஆகவே அவர் கொண்டுவந்த ஐந்தும் பெண்செடிகளாகவே அமைந்துவிட்டன. அதன்மேல் இன்னொன்று. வல்லாரை தரையோடு ஓடி ஓடி வேர்விடுவதைக் கண்டிருப்பீர்கள். ஸ்ட்ராபெரியும் அவ்வாறே ஓடுதண்டு விட்டுக் கணுவுக்குக் கணு புதுச்செடி ஈனும். அப்படிப் பிறப்பது வித்தில் பிறந்த பிள்ளையன்று. தாயின் உடலே மறுபடி முளைப்பது. தாய் பெண் என்றால் அதுவும் பெண்ணே. ஐந்து செடி ஐயாயிரம் ஆனாலும் அத்தனையும் பெண். கடலுக்கு அப்பால் விட்டுவந்த ஆண்செடியை நினைத்தவர் ஒருவரும் இலர்.

பனைமரத்தில் ஆண் பனையும் பெண் பனையும் வெவ்வேறு என்பது நாம் பிறந்த மண்ணில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். அப்படித் தெரிந்த நாமும் ஒருமுறை ஏமாந்தோம். முன்பு நாம் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் கொல்லையில் நான்கு பப்பாளி மரங்கள் இருந்தன. மூன்று காய்த்தன. ஒன்று நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாய்ப் பூத்ததேயன்றி ஒரு பிஞ்சும் பிடிக்கவில்லை. இடத்தை அடைக்கிறதென்று நாமே அரிவாள் எடுத்து அதனை வெட்டினோம். அடுத்த பருவத்தில் மற்ற மூன்றும் பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுமனே நின்றன. மண்ணில் சத்தில்லை என்று எருவிட்டோம், சாம்பல் தூவினோம். அடுத்த வீட்டு மலையாளத்து அம்மையார் வந்து பார்த்து, வெட்டிய அடிமரத்தைக் காட்டிச் சிரித்த பிறகுதான் நாம் செய்த காரியம் நமக்குப் புலப்பட்டது. ஆகையால் பிரெஞ்சுத் தோட்டக்காரரை இகழும் உரிமை நமக்கில்லை.

இனித் தூஷேனிடம் வருவோம்.

1747 அக்டோபர் 7ஆம் நாள் வெர்சேல்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிரெஞ்சு மன்னரின் பேரரண்மனை இருந்த நகரம் அது. தந்தையார் மன்னரின் கட்டடங்களைக் கண்காணிக்கும் அலுவலர். அலுவலர் வீட்டுப் பிள்ளை ஆகையால் அரண்மனைத் தோட்டங்களுக்குள் போய்வரத் தடையில்லை. அங்கே திரியானோன் என்னும் இடத்தில் பதினைந்தாம் லூயி மன்னருக்காக ஒரு தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டிருந்தது. அதில் செடிகளை உறவு நோக்கிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து நட்டவர் பெர்னார் தெ ஜூஸியூ. ஃபிரேஸியேயிடம் செடி பெற்ற அந்துவான் தெ ஜூஸியூவின் தம்பி இவர். சிலியிலிருந்து வந்த செடி தமையனிடம் சேர்ந்தது; அச்செடியின் புதிரை அவிழ்க்கப் பிறந்த சிறுவன் தம்பியிடம் மாணவனாகச் சேர்ந்தான்.

பிள்ளைப் பருவத்திலேயே தூஷேனுக்கு ஸ்ட்ராபெரிமேல் ஒரு பித்து. 1761ஆம் ஆண்டில், பதினான்கு வயதுகூட நிரம்பாத நாளில் என்றே கொள்ளலாம், காட்டு ஸ்ட்ராபெரியின் வித்துகளை விதைத்து வளர்த்துப் பார்த்தார். ஸ்ட்ராபெரி இலை வில்வத்தைப் போல மூன்று மூன்றாய் இருப்பது. விதைத்தவற்றுள் ஒரு நாற்று மட்டும் ஒற்றை இலையாகவே விட்டது. வேறொருவராயிருந்தால் களையென்று கிள்ளியிருப்பார். சிறுவர் அதனைத் தனியே வளர்த்து, அதன் வித்தையும் விதைத்தார். பிள்ளைகளும் ஒற்றை இலையோடே வந்தன! அக்காலத்து அறிஞருலகம், இறைவன் படைத்த நாளில் எத்தனை இனங்கள் இருந்தனவோ அத்தனையே இன்றும் உண்டு, கூடுதலுமில்லை குறைதலுமில்லை என்று உறுதியாக நம்பியிருந்தது. தம் கண்ணெதிரே தொட்டியில் நிற்கும் இதனை என்னவென்று சொல்வது? நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று வந்து, தன் மரபையும் நிலைநாட்டிவிட்டதே! டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன் இந்த ஐயம் ஒரு பள்ளிப்பருவத்துச் சிறுவர் உள்ளத்தில் எழுந்தது. அவர் பெருமையெல்லாம் ஸ்ட்ராபெரியைக் காய்க்கவைத்ததில் அடங்கிவிடவில்லை என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

அடுத்து, காய்க்காத சிலிச் செடிமேல் அவர் கவனம் சென்றது. பூவை உரித்துப் பார்த்தார். மகரந்தம் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்காம்புகளே இருந்தன. ஒரு செடியல்ல, பார்த்த செடியெல்லாம் அப்படி. மகரந்தம் இல்லாத பூ எங்ஙனம் காய்க்கும்? எனவே மகரந்தம் தரவல்ல துணை வேண்டும். சிலி நாட்டு ஆண்செடி பிரான்சில் இல்லை. நெருங்கிய உறவுச்செடி எதனிடமேனும் கடன் வாங்கலாமா என்று எண்ணினார்.

இங்கே கஸ்தூரி ஸ்ட்ராபெரியின் கதை வந்து கலக்கிறது. அதிலும் ஆண்செடி, பெண்செடி என்று பிரிவு உண்டு. ஐரோப்பியத் தோட்டக்காரர் அதனை அறியாமல், காய்க்காத செடிகளைக் கண்டபோதெல்லாம் வீண்செடி என்று களைந்து வந்தனர். களையக் களைய மற்றவையும் காய்ப்புக் குறைந்தன. நம் பப்பாளிக் கதைதான்! வீண்செடி என்று எறியப்பட்டவை ஆண்செடிகள் என்று கண்டு சொன்னவர் தூஷேன். ஒரே நேரத்தில் அவர் இரண்டு பழிச்சொற்களைத் துடைத்தார். சிலியின் பெண்செடி மலடன்று. கஸ்தூரியின் ஆண்செடி வீணன்று. இரண்டையும் அருகருகே வைத்தார். கஸ்தூரி ஆணின் மகரந்தம் சிலிப் பெண்ணின் பூவில் சேர்ந்தது. ஐம்பதாண்டு காயாத செடி பருத்த பழங்களைத் தாங்கி நின்றது.

1764 ஜூலை 6ஆம் நாள், அப்பழங்களைத் தூஷேன் பதினைந்தாம் லூயி மன்னர் திருமுன் வைத்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. பதினேழு நிரம்ப இன்னும் மூன்று திங்கள் இருந்தன. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் வயது. மன்னர் மகிழ்ந்தார். ஐரோப்பாவில் அறியப்பட்ட ஸ்ட்ராபெரி வகைகள் அனைத்தையும் திரட்டித் திரியானோன் தோட்டத்தில் வளர்க்குமாறு பணித்தார். அதே ஆண்டில் பயன்தரு செடிகளைப் பற்றித் தூஷேன் எழுதிய கையேடொன்றும் அச்சாயிற்று. அரசரின் ஆணை கிடைத்தபின் நாடு நாடாகக் கடிதம் பறந்தது, செடிகள் வந்தன. ஸ்வீடன் நாட்டிலிருந்த லின்னேயஸ் பெருமகனாரோடும் கடிதப் போக்குவரத்து உண்டாயிற்று. உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டும் முறையை வகுத்த பேரறிஞர் அவர். வயதில் தூஷேனுக்கு நாற்பது ஆண்டு மூத்தவர்.

இவ்வாறு வந்து குவிந்த செடிகளுள் ஒன்று எல்லாரையும் மயக்கிற்று. அன்னாசி ஸ்ட்ராபெரி என்று அதற்குப் பெயர். பழம் பெரிது, நிறம் நன்று, மணமோ அன்னாசிப் பழத்தை நினைப்பூட்டுவது. பூவும் இருபாலும் பொருந்தியது. சென்ற சில ஆண்டுகளுக்குள்தான் ஐரோப்பியத் தோட்டங்களில் அது தலைகாட்டியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆளுக்கொரு நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தூஷேன் அதன் இலையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பழத்தின் மேல் வித்துகள் பதிந்துள்ள முறையைப் பார்த்தார். தடிப்பும் பருமனும் சிலியின் சாயல். நிறமும் மணமும் வர்ஜீனியாவின் சாயல். எந்த நாட்டிலிருந்தும் வந்ததன்று இது. ஐரோப்பாவின் தோட்டத்திலேயே சிலி ஸ்ட்ராபெரி தாயாகவும் வர்ஜீனியா ஸ்ட்ராபெரி தந்தையாகவும் நின்று பெற்ற கலப்புப் பிள்ளை என்று முடிவு கட்டினார். தென்னமெரிக்காவின் மேலைக் கரையில் வளர்ந்த ஒன்றும், வட அமெரிக்காவின் கீழைக் கரையில் வளர்ந்த ஒன்றும், தம் சொந்த நாட்டில் ஒன்றையொன்று கண்டிராத இரண்டும், மூன்றாவது கண்டம் ஒன்றில் அடுத்தடுத்த பாத்தியில் நடப்பட்டு உறவாயின. பிழைப்புக்காகத் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து இக்காலனியில் அடுத்தடுத்த வாயிலில் குடியிருக்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இந்த முடிபை உள்ளடக்கி 1766ஆம் ஆண்டில் ஸ்ட்ராபெரிகளின் இயற்கை வரலாறு என்னும் பொருளுள்ள தலைப்பில் நூல் ஒன்றை வெளியிட்டார். ஆசிரியருக்கு அப்போது பத்தொன்பது வயதுக்கு மேலிராது. ஸ்ட்ராபெரி வகை ஒவ்வொன்றும் எதிலிருந்து பிரிந்தது, எது எதற்கு உறவு என்று கிளைவிட்டுப் படர்ந்த ஒரு கொடிவழிப் படமும் அதில் உண்டு. மன்னர் குலத்துக்கும் பிரபுக்கள் குலத்துக்கும் எழுதும் வம்சாவளியைச் செடிக்கு எழுதினார் அவர். உயிர்களின் உறவை இங்ஙனம் கொடிவழியாக வரைந்த மிகப் பழைய படங்களுள் ஒன்றாக அறிஞர் இதனைப் போற்றுகின்றனர். நூல் வெளிவந்தபோது எண்பது வயதைக் கடந்த ஃபிரேஸியே உயிரோடிருந்தார். 1773இல்தான் அவர் பிரெஸ்ட் துறைமுக நகரில் காலமானார். அந்நகரை அடுத்த புளூகாஸ்தெல் பகுதி உழவர்கள் சிலிச் செடிகளுக்கிடையே வேறு ஸ்ட்ராபெரிகளையும் கலந்து நட்டால் காய்க்கிறது என்று பட்டறிவால் கண்டுகொண்டு, பெருவாரியாகப் பயிரிட்டுப் பயன்பெற்றனர். பயன் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காரணத்தைச் சொன்னவர் தூஷேன்.

அவர் சொன்னது மெய் என்பதைப் பிற்கால அறிவியல் வேறொரு வழியால் உறுதிசெய்தது. உயிரணுவுக்குள் மரபைச் சுமக்கும் குரோமோசோம்கள் காட்டு ஸ்ட்ராபெரியில் 14, கஸ்தூரியில் 42, சிலியில் 56, வர்ஜீனியாவிலும் 56. அன்னாசி ஸ்ட்ராபெரியை எண்ணிப் பார்த்தால் அதுவும் 56. தூஷேன் முதலில் சேர்த்துவைத்த சிலியும் கஸ்தூரியும் எண் ஒவ்வாதவை. மன்னர் முன் வைத்த பழம் பழமாக நின்றதேயன்றி அதன் வழி ஒரு நல்ல மரபு தழைக்க இயலாது. சிலியும் வர்ஜீனியாவும் எண் ஒத்தவை; அவற்றின் பிள்ளை பெற்றோரை விஞ்சிக் காய்த்தது. உருப்பெருக்கியில் குரோமோசோமை எண்ணும் காலம் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், கண்ணும் கையும் துணையாக இவர் பெற்றோரை அடையாளங் காட்டினார்.

ஸ்ட்ராபெரிப் பழம் கோணலாவது ஏன் என்பதையும் இடையே சொல்லிவிடுவோம். நாம் பழம் என்று தின்பது பூவின் அடித்தண்டு பருத்தது. மேலே புள்ளி புள்ளியாகப் பதிந்திருப்பனவே தாவரநூலின்படி உண்மைக் கனிகள். ஒவ்வொரு புள்ளியும் மகரந்தம் பெற்றால்தான் அதனடியில் உள்ள சதை வளரும். பெறாத இடம் சூம்பிவிடும். வண்டியில் கோணல் பழம் கண்டால் அந்தப் பூவுக்கு வண்டு சரியாக வரவில்லை என்று கொள்க. விலையைக் குறைத்துக் கேட்பதற்கும் அது உதவும்.

இத்துணைச் சிறுவயதில் இத்துணை உயரம் ஏறியவர் பிற்காலத்தில் என்னவானார்? 1774இல் பதினைந்தாம் லூயி மன்னர் மறைந்தார். திரியானோன் புதிய அரசி மேரி அன்டாய்னெட்டின் கைக்கு வந்தது. அரசிக்கு ஆங்கிலப் பாணியில் பூங்கா வேண்டும். தாவரத் தோட்டம் கலைந்தது. செடிகள் பாரிஸுக்குப் பெயர்க்கப்பட்டன. நாடெங்கும் கடிதமெழுதிச் சேர்த்த ஸ்ட்ராபெரிக் கூட்டத்துக்கு அங்கே வாழ்வில்லை. 1777இல் ஆசான் பெர்னார் தெ ஜூஸியூவும் மறைந்தார். தந்தையார் வகித்த அரண்மனைப் பதவியைத் தூஷேன் ஏற்றார். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டு, அரண்மனையே இல்லாது போனபோது அந்தப் பதவியும் போயிற்று. பின்னர் வெர்சேல்ஸ் நகரத்துப் பள்ளியில் இயற்கைநூல் கற்பிக்கும் ஆசிரியராக வாழ்ந்தார். மன்னர் முன் நின்ற கையில் சுண்ணக்கட்டி. அவர் அதனை இழிவாகக் கருதியதாகத் தெரியவில்லை; புரட்சிக்கு முன்னரே சிறுவர்க்கென்று படங்கள் நிறைந்த அறிவு வெளியீடொன்றை நண்பரோடு சேர்ந்து தொடங்கியவர் அல்லவா!

ஸ்ட்ராபெரியை விட்டபின் அவர் கைக்கொண்டது பூசணி இனம். விதவிதமான பூசணிகளைப் பயிரிட்டு, எவை ஒன்றோடொன்று கலக்கும், எவை கலவா என்று சோதித்து, ஏராளமான வண்ணப் படங்களையும் தீட்டினார். 1786இல் அவற்றைப் பற்றி நூலெழுதினார். நம் இல்லத்தரசியர் கேட்டால் வியப்பர்: நாம் புளிக்கூட்டுக்கும் சாம்பாருக்கும் நறுக்கும் பரங்கிக்காயின் அறிவியற் பெயரோடு அதனைச் சூட்டியவர் என்று இன்றும் சேர்த்தெழுதப்படுவது தூஷேனின் பெயரே. ஸ்ட்ராபெரியைப் போலவே பரங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நம் முன்னோர் அதற்கிட்ட பெயரிலேயே அயல்நாட்டு வாடை இருக்கிறதே!

அவர் காட்டிய வழியில் வேண்டுமென்றே தாயும் தந்தையும் தேர்ந்து புதிய ஸ்ட்ராபெரிகளை உண்டாக்கும் முயற்சி பிரான்சில் அல்லாது இங்கிலாந்தில் வலுத்தது. தாமஸ் ஆண்ட்ரு நைட் என்பவர் முறையாகக் கலப்புச் செய்து டௌன்டன், எல்டன் முதலிய வகைகளைக் கண்டார். லண்டனை அடுத்த ஊரில் காய்கனி விளைவித்து விற்றுவந்த மைக்கேல் கீன்ஸ் என்பார் வளர்த்த நாற்று ஒன்று 1821இல் பெரும்புகழ் ஈட்டியது. அந்த ஆண்டில் தூஷேன் எழுபத்து மூன்று வயது முதியவராக உயிரோடிருந்தார். 1827 பிப்ரவரி 18ஆம் நாள் பாரிஸில் அவர் வாழ்வு முடிந்தது.

கலப்பு வேலை இன்றும் அடிப்படையில் அதுவே. தாய்ப்பூ மலருமுன் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும். தேர்ந்தெடுத்த தந்தைப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். வேறு மகரந்தம் படாதபடி உறையிட வேண்டும். வித்தெடுத்து விதைத்தால் பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்றிராது. ஆயிரக்கணக்கில் வளர்த்து, பழமும் நோய்தாங்கும் திறமும் பார்த்துக் கழித்துக் கழித்து ஒன்றைப் பொறுக்குவர். பொறுக்கியபின் ஓடுதண்டு வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஐம்பதாண்டு தடையாயிருந்த அந்தப் பண்பே நல்ல வகையை மாறாமல் பெருக்கும் வரமாகிறது. மகாபலேசுவரத்தில் பயிராகும் சுவீட் சார்லி, வின்டர் டான் இரண்டும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும், காமரோசா கலிபோர்னியாவிலும் இவ்வாறு பொறுக்கப்பட்டவை. அனைத்தும் சிலியும் வர்ஜீனியாவும் பெற்ற பிள்ளையின் வழித்தோன்றல்களே. 2010ஆம் ஆண்டில் மகாபலேசுவர ஸ்ட்ராபெரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வந்தேறிய பழம் அவ்வூரின் பெயரையே தாங்கிவிட்டது.

1811ஆம் ஆண்டில் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலத் தாவரநூலார் ஒரு செடியினத்துக்குத் தூஷேனியா என்று பெயரிட்டு அவரைச் சிறப்பித்தார். எந்தச் செடிக்குத் தெரியுமா? இந்திய ஸ்ட்ராபெரி என வழங்கும் பொய் ஸ்ட்ராபெரிக்கு! இமயமலைச் சாரலிலும் நம் நீலகிரியிலும் புல்லிடையே படர்வது. இலை ஸ்ட்ராபெரி இலை. ஓட்டமும் ஸ்ட்ராபெரி ஓட்டம். பூ மட்டும் வெள்ளையாக இராமல் மஞ்சளாக இருக்கும். பழம் செக்கச்செவேலென்று கண்ணைப் பறிக்கும். பிற்காலத் தாவரநூலார் பலர் அதனை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயரும் இன்று பல நூல்களில் மறைந்துவிட்டது.

சென்ற கோடையில் பாஸ் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது உதகைக்கும் சென்றோம். நடைபாதையோரம் நம் இளையமகள் அப்பழத்தைக் கண்டு, ஸ்ட்ராபெரி என்று கூவிக்கொண்டு ஓடிப் பறித்து வாயிலிட்டாள். சப்பென்றிருந்தது போலும், துப்பிவிட்டாள். இனிப்புமில்லை, புளிப்புமில்லை, இது ஏனப்பா இப்படி என்று கேட்டாள். பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்து, வெர்சேல்ஸில் பிறந்த பதினாறு வயதுப் பிள்ளையின் கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினோம்.